கடைசித்தேதியும் குதிரைக் கொள்ளும்

உலகத்தின் எந்த மூலையில் எந்தப் புண்ணியவான் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை அறிவித்தாலும், அந்தச் செய்தி அவர் வீட்டாருக்குத் தெரியும் முன்பே பெரம்பலூரில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் மாடியறையில் இருந்த ஒருத்திக்குத் தெரிந்துவிடும். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அவளோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அவளுக்கு அம்மா அப்பா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. ஹாஸ்டல் ரிஜிஸ்டரைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவள் 'கடைசித்தேதி'தான். வார்டன் மேடமே வருகை எடுக்கும்போது, "கடைசித்தேதி வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்.

பெயர் வந்த காரணம் எளிது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருப்பேன். வாயில் நுரையோடு பக்கத்தில் வந்து நிற்பாள்.

"இன்னிக்கு என்ன நாளு தெரியுமாடி?"

"செவ்வாக்கெழமை."

"மண்ணாங்கட்டி. பழைய கையெழுத்துப் படிக்கப் பத்து நாள் பயிற்சி குடுக்குறாங்களே, தங்குற எடம் சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குறாங்களே, அதுக்கு இன்னிக்குத்தான் கடைசித் தேதி!"

நுரை என் நைட்டியில் தெறிக்கும். அதற்குள் அவள் அடுத்த குழாயில் நிற்பவளிடம் போயிருப்பாள். அடுத்த குழாயில் நிற்பவள் வேளாண்மைத் துறையில் வேலை பார்ப்பவள். அதனால் என்ன? செய்தி என்று ஒன்று இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும்.

நானும் அவளும் ஒரே கல்லூரியில், ஒரே வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள். நான் எடுத்துக்கொண்டது சோழர் காலத்து ஏரி மதகுகள். கௌரவமான தலைப்பு. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் எடுத்துக்கொண்டது குதிரைத் தீனி.

சேர்ந்த அன்றைக்கு எங்கள் துறைத்தலைவர் அவளிடம் கேட்டார். "தலைப்பு என்னம்மா?"

"நானூறு வருசம் முன்னாடி நம்ம பக்கத்துக் கோட்டைங்கள்ல இருந்த குதிரைங்க என்ன தின்னுச்சுன்னு பாக்கப்போறேன் சார்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராஜா என்ன சாப்ட்டாருன்னு பண்ணலாமேம்மா. டீசென்டா இருக்கும்."

"ராஜா ஒருத்தர்தான் சார். குதிரை வரிசையா நின்னுச்சு. ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு எவ்ளோ திங்கும்! அத்தனைக்கும் கொள்ளு வெதைச்சது யாரு? குன்னம் பக்கத்துல மானத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த குடியானவன். அவன் பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்ல. குதிரை வாய் வழியா போனாத்தான் அவனைப் புடிக்க முடியும்."

துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காரணம் அவருக்குப் பிடித்துப் போனதா, மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டதா என்பது இன்றுவரை தெரியாது.

ஆவணக் காப்பகங்களில் தூசி தின்று அவள் கொண்டுவந்த கோட்டைக் கணக்குகளில் ஒரு முடிச்சு இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து கோட்டைக்குப் போன பொருட்களில் கொள்ளு கூடும்போதெல்லாம் விறகும் கூடியது. கொள்ளு குறைந்தால் விறகும் குறைந்தது. ஏன்? குதிரை விறகைத் தின்னாது. "வெடிமருந்து காய்ச்ச இருக்கும்மா" என்றார் துறைத்தலைவர். "அப்ப கொள்ளு கூட ஏன் சார் சேந்து வருது?" என்று கேட்டாள். அந்த விறகு அவள் மண்டைக்குள் இரண்டு வருடமாக அடுக்கிக் கிடந்தது.

தூசி தின்னவும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வழி வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அவள் உலகத்து உதவித்தொகைகளையெல்லாம் வலைபோட்டுத் தேட ஆரம்பித்தாள். ஆரம்பித்தது தேவைக்காக. பிறகு அது ஒரு வெறியாகிவிட்டது. இடைக்காலம், அதற்கடுத்த நூற்றாண்டுகள் என்று யார் எந்த விளம்பரம் கொடுத்தாலும் அவளுக்கு அது தன் பெயருக்கு வந்த அழைப்பிதழ் மாதிரி.

ஐரோப்பாவில் ஒரு அறக்கட்டளை, பழைய தேவாலய மணிகளைப் பற்றி ஆராய்பவர்களுக்கு உதவி அறிவித்தது.

"உனக்கும் மணிக்கும் என்னடி சம்பந்தம்?" என்றேன்.

"குதிரை கழுத்துல மணி கட்டுவாங்கல்ல?"

இன்னொன்று, அந்தக் காலத்துக் கடற்பயணங்களை ஆராயும் பெண்களுக்கு. பெரம்பலூரில் கடலே கிடையாது. கடலைதான் உண்டு. அவள் அசரவில்லை. "குதிரைங்க என்ன நடந்தா வந்துச்சு? அரபு நாட்டுலேர்ந்து கப்பல்லதான் வந்துச்சு. கப்பல்ல அதுங்க என்ன தின்னுச்சு? சொல்லு பாப்போம்!" இந்த விண்ணப்பத்துக்கு வந்த மறுப்புக் கடிதத்தில், 'உங்கள் கேள்வி எங்கள் குழுவை ஒரு முழு மதியம் யோசிக்க வைத்தது' என்று எழுதியிருந்தார்கள். கடைசித்தேதிக்கு ஒரே பெருமை. "பாத்தியா, ஒரு மதியம்! நம்மாளுங்க அரை நிமிசம்கூட யோசிக்க மாட்டாங்க."

ஒருமுறை ஒரு படிவத்தில், 'உங்கள் ஆய்வு இடைக்காலத்தைச் சேர்ந்ததா, அதற்குப் பிந்தையதா?' என்று கேட்டு இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். ஒன்றில்தான் டிக் அடிக்க முடியும். நேரே துறைத்தலைவரிடம் போனாள்.

"சார், நம்ம ஊருல இடைக்காலம் எப்ப சார் முடிஞ்சுது?"

அவர் அப்போதுதான் ஒரு மின்விசிறி ரிப்பேருக்காகக் கல்லூரி அலுவலகத்துக்கு நான்காவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "நம்ம ஆபீஸ்ல இன்னும் முடியலம்மா."

இப்படி அவள் விண்ணப்பித்ததற்குக் கணக்கே இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது எனக்கு.

அந்த நேரத்தில் நான் ஆராய்ச்சியை விட்டுவிடும் முடிவில் இருந்தேன். என் இரண்டாவது அத்தியாயத்தைப் படித்த ஒரு பெரிய பேராசிரியர், 'இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பியிருந்தார். பாதிப் பெட்டி கட்டிவிட்டேன். அப்போது என் மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய நீர்நிலைகள் பற்றி வடக்கே நடக்கும் கருத்தரங்குக்கு என் கட்டுரை தேர்வாகியிருப்பதாகவும், போக வர ரயில் செலவை அவர்களே ஏற்பதாகவும் எழுதியிருந்தார்கள். நான் விண்ணப்பிக்கவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கடைசித்தேதி கட்டிலில் உட்கார்ந்து கால் நகத்தை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"நீயா?"

"ஒன் லேப்டாப்பு தொறந்து கெடந்துச்சு. அன்னிக்குத்தான் கடைசித் தேதி. ஒன்னைய எழுப்புனா அழுவ ஆரம்பிச்சிடுவ. அதான் நானே போட்டுட்டேன்."

"எங்கிட்ட கேக்க வேணாமா?"

"கேட்டா வேணாம்ப. நேரம் வீணு."

திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் ஓடி, "நம்ம ரூமுக்குக் கெடைச்சிருச்சு!" என்று கத்தினாள். நமக்கு. தனக்கு ஒன்றுகூடக் கிடைக்காதவள், 'நம்ம ரூமுக்கு' என்றாள். நான் பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

அவள் ஊர் ஆலத்தியூர். அப்பா சிமெண்ட் ஆலை வாசலில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். மகள் படிப்பதில் அவருக்கு மறுப்பில்லை. ஆனால் எவ்வளவு நாள்தான் படிப்பாள் என்பது அவருக்கு விளங்கவில்லை. ஒருநாள் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார்.

"ஆலைல ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸ்ல கிளார்க்கு வேல இருக்கு. கேட்டு வெச்சிருக்கேன். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்து சேந்துடு தாயி. இந்தக் குதிரை சமாச்சாரம் போதும்."

"அப்பா, ஒரே ஒரு அப்ளிகேஷன் இருக்குப்பா. இது வரலைன்னா நானே வந்துடுறேன்."

"குதிரை தின்ன கொள்ளுக்கா வெள்ளைக்காரன் காசு குடுக்கப்போறான்?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த ஒரே ஒரு விண்ணப்பம் கடல் கடந்த ஒரு பழைய நூலகத்துக்கு. நம் பக்கத்துக் கோட்டைகளைப் பற்றிய பழைய காகிதங்கள் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் படிக்க வரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு மூன்று மாதம் தங்க இடம், பயணம், சாப்பாடு எல்லாம் தருவார்கள். இந்த முறை கடைசித்தேதி குறுக்கே மணி கட்டவில்லை, கப்பல் விடவில்லை. கொள்ளையும் விறகையும் அப்படியே எழுதினாள். விறகு ஏன் என்று தனக்குத் தெரியாது என்பதையும் எழுதினாள்.

எல்லாம் முடிந்தது. துறைத்தலைவரின் சிபாரிசுக் கடிதம் மட்டும் பாக்கி. அதை அவரே தன் மெயிலுக்கு வந்திருக்கும் சுட்டியைத் திறந்து ஏற்ற வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நம் ஊர்க் கணக்கில் மாலை நாலரை மணி.

வெள்ளிக்கிழமை என்றால் துறைத்தலைவர் மூன்றரை மணிக்கே அரியலூர் பஸ்ஸில் இருப்பார். அவர் வீடு அங்கே. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கடைசித்தேதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறி ஒரு வெங்காய மூட்டையின் மேல் விழுந்தேன். மூட்டைக்குச் சொந்தக்காரம்மா என்னைத் தூக்கிவிட்டு, "பாத்து கண்ணு, வெங்காயம் நசுங்கிடப்போவுது" என்றார்.

துறைத்தலைவர் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தார்.

"சார், மெயில் பாத்தீங்களா சார்?"

"எந்த மெயிலும்மா? அதெல்லாம் எங்க மருமகதான் பாக்கும்."

"இப்பயே தொறக்கணும் சார். என் போன்லயே தொறந்துடலாம். பாஸ்வேர்டு என்ன சார்?"

அவருக்குத் தெரியவில்லை. மருமகளுக்குப் போன் போட்டார். பஸ் இரைச்சலில் ஸ்பீக்கரில் போட்டார். மருமகள் அந்தப் பக்கம் கத்தியது பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்டது. "உங்க பேருதான் மாமா! பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு!" உறுதி செய்துகொள்ள அவரும் அதை இரண்டு முறை உரக்கத் திருப்பிச் சொன்னார். அன்று முதல் அந்த ரூட்டில் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் மெயிலைத் திறக்கத் தெரியும்.

மெயில் திறந்தது. சுட்டியும் இருந்தது. கடிதம் வேண்டும். கடைசித்தேதி தானே ஒன்றை எழுதி வைத்திருந்தாள். துறைத்தலைவர் தன்மானமுள்ளவர். "நான் எழுதுனதத்தான் அனுப்பணும்" என்று தன் மெயிலிலேயே இருந்த பழைய கடிதம் ஒன்றைக் காட்டினார். பல வருடங்களாக எல்லா மாணவர்களுக்கும் அவர் கொடுக்கும் கடிதம் அது. பெயர் மட்டும் மாறும். அவள் படித்துப் பார்த்தாள்.

"சார், இதுல நான் நல்ல பையன்னு இருக்கு சார்."

"ஆமாம்ல. பொண்ணுன்னு மாத்திக்க."

"கபடி நல்லா விளையாடுவான்னும் இருக்கு சார்."

துறைத்தலைவர் யோசித்தார். "விளையாடுவாள்னு மாத்திக்க. எடுத்துட்டா லெட்டர் சின்னதாப் போயிடும்."

வாதாட நேரமில்லை. பையனைப் பெண்ணாக்கினாள். கபடி கபடியாகவே இருந்தது. நடுவில் கொள்ளு பற்றித் தன் கடிதத்திலிருந்து நாலு வரியைச் செருகினாள். அவர் பார்க்கும்போதே அவர் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அழுத்த வைத்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பேரளி தாண்டியதும் சிக்னல் போய்விட்டது.

"அய்யய்யோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

கண்டக்டர் ஓடிவந்தார். "யாரும்மா கத்துனது? எவனாச்சும் கைய வெச்சிட்டானா?"

"இல்லண்ணே, லெட்டர் போவ மாட்டேங்குது. நாலரைக்குள்ள போவணும். சிக்னல் இல்லண்ணே!"

கண்டக்டர் மணியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், விசிலை எடுத்தார். "அண்ணே, குன்னம் டவர்கிட்ட கொஞ்சம் ஓரங்கட்டுங்க. பொண்ணு பரீட்சை எழுதுது!"

குன்னத்தில் பஸ் நின்றது. கடைசித்தேதி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. ஒருவர் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தார். துறைத்தலைவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வட்டம் சுற்றி நின்றது. பச்சை டிக் விழுந்தது.

"போயிருச்சு!"

பஸ்ஸே கைதட்டியது. விசில் பறந்தது. வெங்காய மூட்டைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "பாஸா கண்ணு?"

"இனிமேதாங்க பாஸா ஃபெயிலான்னு தெரியும். இப்ப அப்ளிகேஷன்தான் போயிருக்கு."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதுக்கா இம்மாம் நேரம் கைதட்டுனோம்?"

பத்தே நாளில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வீடியோ கால். ஒரு திங்கட்கிழமை, மதியம் இரண்டரை மணி. அறையே ஒரு வாரம் கோவில் மாதிரி இருந்தது. அன்று காலையில் வார்டன் மேடம் வந்து சொன்னார். "இன்னிக்கு மாசாந்திரப் பராமரிப்பாம். சாயந்தரம் வரைக்கும் கரண்ட் கெடையாது."

கரண்ட் இல்லையென்றால் ஹாஸ்டலில் நெட்டும் இல்லை. என் லேப்டாப் பேட்டரியோ பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். இரண்டு பேரும் ஸ்கூட்டியில் ஏறி நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ஜெனரேட்டரும் வைஃபையும் உள்ள ஓட்டலாகப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சிறுவாச்சூரில் ஒன்றைக் கண்டுபிடித்தோம். திங்கட்கிழமை அங்கே காளி கோவில் நடை திறக்கும் நாள் என்பதைப் பதற்றத்தில் இருவருமே மறந்துவிட்டோம். ஓட்டல் முழுக்கக் குங்குமமும் மொட்டைத் தலையுமாக ஜனம். முதலாளி பிளக் பாயிண்ட் பக்கத்து டேபிளைக் காட்டி, "ஒக்காருங்க. ஆனா ஏதாச்சும் சாப்புடணும்" என்றார். ஆளுக்கு ஒரு பரோட்டா சொன்னோம்.

சரியாக இரண்டரைக்குத் திரையில் மூன்று முகங்கள் தோன்றின. நடுவில் வெள்ளி முடியோடு ஒரு பாட்டியம்மா. அவர்தான் தலைவர் போல. நான் கேமராவில் விழாதபடி டேபிளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் கேள்வியே, "நீங்கள் கபடி நன்றாக ஆடுவீர்களாமே?"

கடைசித்தேதி ஒரு நொடி மூச்சை அடக்கினாள். கபடிக்கு அதுவும் தேவைதான். "மூச்சு விடாம ஓடத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சமாளித்தாள். மூவரும் சிரித்தார்கள்.

இரண்டாவது கேள்வி வரும்போது பின்னால் கொத்து பரோட்டா ஆரம்பித்துவிட்டது. தடதடவென்று இரும்புத் தகட்டில் இரண்டு கரண்டிகள். பாட்டியம்மா காதைத் திரையருகே கொண்டுவந்தார். அது என்ன தாளவாத்தியம் என்று விசாரித்தார். "மதியச் சாப்பாடு" என்றாள் கடைசித்தேதி. மறுபடி சிரிப்பு. நன்றாகப் போகிறதா, நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்களா?

பிறகு பாட்டியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். கொள்ளோடு விறகு ஏன் போனது? தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊகமாவது இருக்குமே?

கடைசித்தேதி வாயைத் திறந்தாள், மூடினாள். பதற்றத்தில் கேமராவை மறந்து என் பக்கம் திரும்பி, பச்சைத் தமிழில் சொன்னாள். "ஏண்டி, குதிரைக் கொள்ளு கூட வெறகு எதுக்குப் போச்சுன்னு கேக்குறாங்கடி! என்னடி சொல்லுவேன்?"

பக்கத்து டேபிளில் ஒரு லாரி டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயதானவர். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"வெறகு இல்லாம எப்புடிம்மா கொள்ளு வேவும்?"

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"எங்கப்பா ஜட்கா வண்டி ஓட்டுனவரு. குதிரைக்குக் கொள்ள வேவ வெச்சுத்தாம்மா குடுக்கணும். பச்சையாக் குடுத்தா வயித்து வலி வந்து தெருவுல உருளும். எங்க வூட்டுல எங்களுக்கு ஒல வெக்கிறதுக்கு முன்னாடி குதிரைக்குத்தான் ஒல ஏறும். ஒத்தக் குதிரைக்கே வெறகு வாங்கி மாளாது."

கடைசித்தேதி எழுந்தே நின்றுவிட்டாள். திரையில் அவள் வயிறு மட்டும் தெரிந்திருக்கும். "வேகணும்! வேகணும்டி! வெறகு வெடிமருந்துக்கு இல்லடி, அடுப்புக்கு! குதிரைக்குச் சமைச்சிருக்காங்கடி! இந்த ஊரு மரத்தையெல்லாம் வெட்டிக் குதிரைக்குச் சோறாக்கியிருக்காங்கடி!"

அந்தப் பக்கம் மூவரும் என்ன நடக்கிறதென்று கேட்டார்கள். அவள் மூச்சுவாங்க ஆங்கிலத்தில் சொன்னாள். பேசியது யார் என்றார்கள். "எங்கள் வட்டாரக் குதிரைத் தீவன நிபுணர்" என்று சொல்லி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். டிரைவர் எழுந்து நின்று, குழம்புக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையால் வணக்கம் வைத்தார். அடுத்த பத்து நிமிடம் நேர்காணல் அவருக்குத்தான் நடந்தது. எவ்வளவு நேரம் வேகணும், தண்ணீரை வடிக்கணுமா, உப்புப் போடணுமா. அவர் சொல்லச் சொல்ல இவள் மொழிபெயர்த்தாள். பாட்டியம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் தாத்தா வீட்டிலும் குதிரைக்குத் தவிடு வேகவைத்த வாசனை நினைவிருக்கிறது என்றார். ஜெனரேட்டர் நின்றது, இணைப்பு அறுந்தது, நேர்காணல் முடிந்தது.

"அது என்னம்மா, எனக்கு வேல குடுக்கப்போறாங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

அதற்கப்புறம் ஒரு செய்தியும் வரவில்லை. மாதம் முடிந்தது. கடைசித்தேதி மெயில் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். காலையில் பல் விளக்கும்போது பல் மட்டும் விளக்கினாள். ஹாஸ்டலே அமைதியாகிவிட்டது. வேளாண்மைத் துறைப் பெண்ணே வந்து கேட்டாள், "என்னாச்சுக்கா அவங்களுக்கு? இன்னிக்கு எதுக்கும் கடைசித் தேதி இல்லையா?"

முப்பதாம் தேதி சின்னப் பையோடு ஆலத்தியூருக்குக் கிளம்பினாள். "ஒன் லேப்டாப்ல என் மெயில் தொறந்தே இருக்கு. ஏதாச்சும் வந்தா நீயே பாத்துக்க. எனக்குச் சொல்ல வேணாம். போயிட்டு வரேன்" என்றாள். விறகுக்கு விடை தெரிந்த மனுஷி விறகு மாதிரி நடந்து போனாள்.

ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணி. லேப்டாப்பைத் திறந்தேன். கடிதம் வந்திருந்தது. முதல் வரியில் ஏராளமான தகுதியான விண்ணப்பங்கள் வந்ததாக இருந்தது. இரண்டாவது வரியில் தேர்வு கடினமாக இருந்ததாக இருந்தது. மூன்றாவது வரியைப் படித்ததும் நான் போட்ட அலறலில் வார்டன் மேடம் கையில் கரண்டியோடு ஓடிவந்தார்.

அவளுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். பத்து மணிக்கு அவள் வேலையில் சேர வேண்டும். ஸ்கூட்டியை எடுத்தேன். பெரம்பலூரிலிருந்து ஆலத்தியூருக்கு நான் அதற்கு முன் போனதில்லை. வழியெல்லாம் சோளக்காடு, பருத்திக்காடு, அப்புறம் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் வெள்ளைத் தூசி. ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் தலை நரைத்திருந்தது.

வாசலில் பாஸ் வாங்கும் வரிசை. நடுவில் மஞ்சள் ஹெல்மெட்டோடு கடைசித்தேதி. அவள் அப்பா பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றார்.

"ஏய்! கெடைச்சிருச்சுடி!" என்று கத்தினேன். லாரி இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"எது ஒடைஞ்சிருச்சு? லேப்டாப்பா?"

"கெடைச்சிருச்சு! மூணு மாசம்! நூலகம்! கொள்ளு!"

கொள்ளு என்ற சொல் மட்டும் எந்த இரைச்சலையும் தாண்டி அவள் காதில் விழும். வரிசையை விட்டு ஓடிவந்தாள். போனில் படம் பிடித்து வந்திருந்த கடிதத்தைக் காட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள். நிமிர்ந்தபோது கண்ணீர் வழிந்த இடத்தில் மட்டும் தூசி கரைந்து இரண்டு கோடு விழுந்திருந்தது. அவள் முதலில் கேட்ட கேள்வி, "சம்மதம் சொல்ல எப்ப கடைசித் தேதி?"

ஹெல்மெட்டோடு கட்டிப்பிடித்தாள். என் நெற்றி வீங்கிவிட்டது. செக்யூரிட்டிக்காரர், "உள்ள போறீங்களா, வெளிய போறீங்களா?" என்று கேட்டார். "வெளியதாங்க, ரொம்ப தூரம்" என்று ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவள் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் கேட்டார்.

"அந்த ஊருல குளுருமா தாயி? ஒரு நல்ல போர்வையா வாங்கிடுவோம்."

இரண்டு மாதத்தில் பாஸ்போர்ட், விசா எல்லாம் ஆகி அவள் திருச்சியில் விமானம் ஏறினாள். துறைத்தலைவர் வழியனுப்ப வந்து, தன் புது பாஸ்வேர்டைப் பெருமையோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாள், பட்டம் வாங்கினாள், இப்போது வெளியூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள்.

அவளிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. அவள் போன மறுநாள் வார்டன் மேடம் ஒரு புதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். காலியாக இருந்த கட்டிலைக் காட்டி, இதில் இந்தப் பிள்ளை படுத்துக்கொள்ளட்டும் என்றார். அதில் ஒரே மூட்டைப்பூச்சி மேடம், ராத்திரியெல்லாம் கடிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கடுத்து வந்த பெண்ணிடமும் அதையே சொன்னேன். மூன்று மாதமும் அதையேதான் சொன்னேன்.

அந்தக் கட்டிலில் ஒரு மூட்டைப்பூச்சிகூட இல்லை.